பெட்ரோல் டேப்பில் கசியவில்லை: பழைய ஆர்எக்ஸ் 100 டேங்க்கை வடித்து, துரு எடுத்து, அடைத்த நிகழ்வு ஆய்வு

வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100, 1995 மாடல். தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டை ஒட்டிய கிராமத்தில் தக்காளி விவசாயம் பார்க்கும் குடும்பத்தினுடையது. ஒன்றரை வருடம் மாட்டுக்கொட்டகை ஓரமாக சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றது. பிறகு பெட்ரோல் ஊற்றி, பிளக் மாற்றி, மறுபடி ஓட்ட ஆரம்பித்தார்கள். இரண்டே மாதத்தில் மூன்று தொல்லைகள் சேர்ந்து வந்தன.

இரவு நிறுத்திய இடத்தில் காலையில் பெட்ரோல் வாசம், தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். சேலம் போய்த் திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் மூணு நாலு கிலோமீட்டர் ஏறியதும் வண்டி திணறி நின்றுவிடும். பத்து நிமிடம் விட்டால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். மூன்றாவது, கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றும்போதெல்லாம் அடியில் செம்மண் போலத் துருப்பொடி.

கசிவுக்கு டேப் (டேங்க் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்) வாஷர் இரண்டு முறை மாறியிருந்தது. பிறகு டேப்பே புதிதாகப் போட்டும் ஈரம் நிற்கவில்லை. "டேங்க்கையே மாத்திடுங்கண்ணா" என்ற யோசனையும் வந்திருக்கிறது. இந்த வண்டி இந்தியாவில் 1985 முதல் 1996 வரைதான் தயாரானது. கம்பெனியோடு வந்த டேங்க்கின் தகடும் வளைவும் மாற்று டேங்க்குகளில் அப்படியே அமைவது அரிது. மூடி உட்காரும் வாய், டேப் உட்காரும் முகம், பிரேம் பைப்போடு பொருந்தும் அடிப்பள்ளம் ஆகிய மூன்றும் ஒரு மிமீ பிசகினாலும் தொல்லைதான். காப்பாற்ற முடிகிற அசல் டேங்க்கைக் காப்பாற்றுவதே சரி.

கசிவு எங்கே, சொட்டு எங்கே

இந்த டேங்க் குதிரைச் சேணம் மாதிரி பிரேம் பைப்பின் மேல் கவிழ்ந்து உட்காருகிறது. அடியில் இடம் வலமாக இரண்டு பள்ளங்கள், நடுவில் பைப்புக்கான மேடு. டேப் இடது பள்ளத்தில் மட்டும்தான் இருக்கிறது. பெட்ரோல் மட்டம் நடுமேட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், வலது பள்ளத்தில் உள்ளது டேப் பக்கம் வரவே வராது. ரிசர்வுக்குத் திருப்பினாலும் அப்படித்தான். வலது பள்ளத்தில் ஒருமுறை இறங்கிய தண்ணீர் வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும். இந்த ஒன்று மனதில் பதிந்தால் மீதி வேலை முழுவதும் புரிந்துவிடும்.

வண்டி ஒன்றரை வருடம் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. அந்தச் சாய்வில் வலது பள்ளத்துத் தண்ணீர் வெளிச்சுவரை விட்டு உட்சுவர்ப் பக்கம், அதாவது பிரேம் பைப்பைப் பார்த்திருக்கும் மடிப்புக்கு, ஒதுங்கும். துரு தின்றது சரியாக அந்த மடிப்பைத்தான். அங்கிருந்து கசிந்த பெட்ரோல் பிரேம் பைப்பின் மேல் விழுந்து, அதே சாய்வில் பைப்பைச் சுற்றி இடப்பக்கம் வழிந்து, டேப்பின் ஓஸ் மேல் சொட்டியது. பார்த்தவர்கள் எல்லாரும் டேப்பைக் குறை சொன்னதற்குக் காரணம் இதுதான்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். டேங்க் அடியை முழுவதும் துணியால் துடைத்து உலரவிட்டு, மடிப்பு நெடுகச் சுண்ணக்கட்டியால் தடவ வேண்டும். டேப் முகத்தைச் சுற்றியும் தடவ வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், கசிகிற இடத்தில் வெள்ளை மங்கி ஈரச்சாம்பல் நிறமாகிவிடும். இந்த வண்டியில் டேப் சுற்று வெள்ளையாகவே இருந்தது. வலது உள்மடிப்பில், பின்முனையிலிருந்து நாலு விரல் தூரத்தில், மிளகு அளவுக்கு ஒரு ஈரப்பொட்டு.

ஏற்றத்தில் நிற்பதற்குத் தனிச் சோதனை. ஓஸைக் கழற்றி, டேங்க் மூடியை இறுக்கி மூடியபடியே டேப்பைத் திறந்து, அளவு ஜாடியில் நிமிடத்துக்கு எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பது. முதல் நிமிடம் 140 மில்லி வந்தது. மூன்றாவது நிமிடம் வெறும் 40. மூடியைத் திறந்ததும் ஒரு சின்ன மூச்சு இழுக்கும் சத்தம், உடனே ஓட்டம் கூடியது. மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. லிட்டருக்கு 25 கிலோமீட்டர் கணக்கில் 80 வேகத்தில் போகும் வண்டி நிமிடத்துக்கு 53 மில்லி குடிக்கும். 40 மில்லி வந்தால் கார்புரேட்டர் கிண்ணம் மெல்ல மெல்லக் காலியாகும். நாலு கிலோமீட்டர் ஓடி நின்றதற்கும், பத்து நிமிடத்தில் சரியானதற்கும் இந்தக் கணக்கே போதும்.

வடிப்பது

எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு, திறந்த வெளியில், நிழலில். பேட்டரி ஒயர் கழற்றியாக வேண்டும். பத்து மீட்டர் சுற்றுவட்டத்தில் அடுப்பு, பீடி, வெல்டிங், கிரைண்டர் எதுவும் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது; தரையோடு ஊர்ந்து போய்த் தூரத்து நெருப்பைத் தொட்டுத் திரும்பி வரும். பிளாஸ்டிக் பக்கெட்டில் பிடிக்காமல் இரும்பு கேனில் பிடிக்க வேண்டும். கேனையும் டேங்க்கின் பெயிண்ட் இல்லாத இடத்தையும் ஒரு ஒயரால் இணைத்துவிட்டால் நிலைமின்சாரப் பொறிக்கு இடமிருக்காது. வாயால் ஓஸை உறிஞ்சி எடுக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு வாய் பெட்ரோல் நுரையீரலுக்குள் இறங்கினால் ஆஸ்பத்திரிதான்.

டேப் வழியாக வந்தது 1.8 லிட்டர், நிறம் சற்று மங்கல். அதோடு நின்றது. டேங்க் காலி என்று பலரும் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். சீட்டைக் கழற்றி, பின்பிடிப்பை எடுத்து, டேங்க்கின் பின்பக்கத்தைத் தூக்கிப் பின்னோக்கி இழுத்து எடுத்தபின், மூடியைத் திறந்து, வலது பள்ளத்தில் உள்ளது நடுமேட்டைத் தாண்டி வரும்படி கவிழ்த்தபோது இன்னும் 900 மில்லி வந்தது. அதைக் கண்ணாடி பாட்டிலில் அரைமணி நேரம் வைத்ததும் அடியில் 160 மில்லி தனியாகப் பிரிந்து நின்றது. கலங்கலாக, காய்ந்த இலைச்சாறு நிறத்தில்.

அந்த 160 மில்லியும் வெறும் தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது. இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனால் தண்ணீரைக் கொஞ்சம் வரை தன்னோடு கரைத்து வைத்திருக்கும். அளவு மீறினால் தண்ணீர் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு அடியில் போய்ப் படிந்துவிடும். எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்த இந்த அடிக்குழம்பு இரும்புக்கும், கார்புரேட்டரின் வார்ப்புக்கும் தண்ணீரைவிடக் கெடுதல். பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று அறிய நினைப்பவர்களுக்கு: கோடு போட்ட ஜாடியில் 100 மில்லி பெட்ரோல், 10 மில்லி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால், இ20 என்றால் கீழ்மட்டம் சுமார் 30 மில்லியில் நிற்கும்.

தண்ணீர் உள்ளே போனது எப்படி? மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. வாட்டர் வாஷ் கன்னால் அடித்தால் நேராக உள்ளே போகும். மழையில் நின்றாலும் போகும். பாதி காலியான டேங்க் பகலில் சூடாகி இரவில் குளிரும்போது உள்ளே வேர்க்கும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிரில் நிற்கும் வண்டிகளுக்கு இது இன்னும் அதிகம்.

வடித்த பழைய பெட்ரோலைச் சாக்கடையிலோ கிணற்றடியிலோ கொட்ட வேண்டாம். தெளிந்த மேல்பகுதியை வேறு வண்டியில் ஊற்றும் ஆசையும் வேண்டாம். பழைய ஆயில் எடுத்துச் செல்பவர்களிடம் மூடிய கேனில் தனியாக, பெட்ரோல் என்று சொல்லிக் கொடுக்கவும்.

காலி டேங்க் ஏன் பயங்கரமானது

நம் பட்டறைகளில் கேட்கும் கேள்வி, "உள்ள பெட்ரோல் இல்லீங்களே?" என்பது. இல்லை என்றதும் கேஸ் வெல்டிங் நெருப்பு டேங்க்குக்குப் போகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் உடம்பு நடுங்கும். காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால் வெடிக்கும். பத்து லிட்டர் டேங்க்கில் 1.4 சதவீதம் என்பது 140 மில்லி ஆவி. அவ்வளவு ஆவியைக் கொடுக்க ஒரு மில்லிக்கும் குறைவான பெட்ரோல் போதும். மடிப்பிலும் துருவுக்கு அடியிலும் ஊறிக் கிடப்பதே அதைவிட அதிகம். நிறைந்த டேங்க்கில் ஆவிக்கு இடமில்லை. வடித்த டேங்க் முழுவதும் ஆவிதான். வெயிலில் இரண்டு நாள் திறந்து வைத்தேன் என்பதும் காப்பாற்றாது. துரு சூடாகும்போது ஊறியது மறுபடி வெளியே வரும்.

ஆகவே இந்த வேலையில் நெருப்பே பயன்படவில்லை. சூடான பற்றுக்கோலும் (ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் கோல்) டேங்க்கைக் கழுவி, தண்ணீர் நிரப்பிய பிறகுதான் பக்கத்தில் வந்தது.

கழுவுவது, சோதிப்பது

முதலில் எண்ணெய்ப் பசையும் பழைய பெட்ரோலின் பிசினும் போக வேண்டும். பிசின் இருக்கிற இடத்தில் அமிலம் துருவைத் தொடாது. மூன்று லிட்டர் கொதிநீரில் 100 கிராம் சலவைச் சோடா, ஒரு கை பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தூள். டேப் துளைக்கு 3 மிமீ ரப்பரும் அதன்மேல் இரும்புத் தகடும் வைத்து, டேப்பின் அதே இரண்டு 6 மிமீ போல்ட்டால் 10-ம் நம்பர் ஸ்பேனரால் மூடியாயிற்று. வாய்க்கு ரப்பர் அடைப்பான். அசல் மூடியைப் பயன்படுத்தக் கூடாது; சோடாவும் அமிலமும் அதன் வார்ப்பைக் கெடுக்கும்.

துருவை உதிர்க்க ஜல்லி போடுவார்கள். ஜல்லி உடைந்து மாவாகி மடிப்பில் உட்கார்ந்துகொள்ளும். நட்டு போட்டால் எண்ணிப் போட்டு எண்ணி எடுக்க வேண்டும். இரண்டு அடி பழைய சைக்கிள் செயினை நன்றாகக் கழுவி, ஒரு முனையில் கம்பி கட்டி உள்ளே விடுவதே நல்லது. வேலை முடிந்ததும் கம்பியைப் பிடித்து இழுத்தால் முழுதும் வந்துவிடும். வலது பள்ளத்தைக் கீழே வைத்து அரைமணி நேரம், பிறகு மற்ற பக்கங்கள். மூன்று தண்ணீர் மாற்றியபின் பெட்ரோல் வாசம் போயிற்று. முதல் இரண்டு கழுவு நீரையும் தனியே பிடித்து வைக்க வேண்டும்.

பிறகு கசிவுச் சோதனை. கம்ப்ரஸர் காற்றை டேங்க்கில் விடுவதைப் போன்ற தவறு வேறில்லை. மெல்லிய தகடு உப்பி, அடிமேடு வெளியே தள்ளி, டேங்க் பிரேமில் உட்காராமல் போய்விடும். இதற்குத் தண்ணீரே போதும். டேங்க்கை முழுக்கத் தண்ணீரால் நிரப்பி வாயை அடைத்து, டேப் வழியாக ஒரு மீட்டர் நீளத் தெளிவான ஓஸை மேலே தூக்கிக் கட்டி, அதிலும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு மீட்டர் நீர்ப்பத்தி கொடுக்கும் அழுத்தம் 0.1 பார். நிறைந்த டேங்க்கில் பெட்ரோல் தன் எடையால் கொடுப்பதைப் போல இது பல மடங்கு. அதே நேரம் தகட்டை வளைக்காது. மடிப்பில் சுண்ணக்கட்டி தடவிப் பார்த்ததில் ஒரே ஒரு துளை.

துரு எடுப்பது

இங்கே ஒரு வாக்குவாதம் எப்போதும் உண்டு. பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் உள்ளே பளபளக்கும் என்பார்கள். பளபளக்கும், உண்மைதான். அது துருவோடு நல்ல இரும்பையும் தின்னும். மடிப்புக்குள் தங்கிய அந்த ஆசிட்டின் குளோரைடு உப்பு எத்தனை கழுவினாலும் முழுதாக வெளியேறாது. வாரம் கழித்துத் திறந்து பார்த்தால் உள்சுவர் முழுக்க மஞ்சள் துரு பூத்திருக்கும். ஊசித்துளை உள்ள டேங்க்கில் அந்த ஆசிட் வேண்டவே வேண்டாம்.

தர்மபுரிச் சந்தைப் புளியைக் கரைத்து ஊற்றும் பழைய வழியும் சிலருக்குத் தெரியும். பித்தளைப் பாத்திரத்துக்கு அது அருமை. டேங்க்கில் நாரும் சர்க்கரைப் பசையும் வடிகட்டியில் வந்து அடைக்கும்.

இந்த டேங்க்குக்குப் பயன்பட்டது சிட்ரிக் ஆசிட், கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைப்பது. லிட்டருக்கு 80 கிராம். பத்து லிட்டருக்கு 800 கிராம். வெதுவெதுப்பான நீரில் கரைத்து முழுக்க நிரப்பியாயிற்று. பாதி நிரப்பினால் நீர்மட்டக் கோட்டில் புதுத்துரு பிடிக்கும். வாயை இறுக்கி மூடக் கூடாது. வேலை நடக்கும்போது ஹைட்ரஜன் குமிழ் வரும், அது வெளியேற வழி வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் நம் மாவட்டத்துக்குத் தனிக் கவனம் தேவை. இங்குள்ள போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் நிறைந்தது. புளோரைடு தொல்லைக்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. போர் தண்ணீரில் சிட்ரிக் ஆசிட் கரைத்தால் ஒரு பங்கு சுண்ணாம்போடு சேர்ந்து வீணாகும். கடைசி அலசலில் அந்த உப்பு இரும்பின்மேல் காய்ந்து துருவுக்கு விதையாகும். கரைக்கக் குழாயில் வரும் காவிரித் தண்ணீர், கடைசி அலசலுக்கு 20 லிட்டர் கேன் தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைநீர் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்இடி டார்ச் அடித்துப் பார்த்ததில், 14 மணி நேரத்தில் வலது பள்ளத்து அடி சாம்பல் நிற இரும்பாகத் தெரிந்தது. நடுவில் ஒருமுறை டேங்க்கைப் புரட்டி, மேல்முதுகில் தங்கிய காற்றுப்பையை இடம் மாற்ற வேண்டியிருந்தது. இரவெல்லாம் விட்டுவிட்டு மறுநாள் மாலை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. துரு தீர்ந்தபின் சிட்ரிக் ஆசிட்டும் இரும்பைத் தொடும்.

கொட்டியதும் உடனே அலசி, ஐந்து லிட்டர் தண்ணீரில் 50 கிராம் ஆப்ப சோடா கரைத்து ஊற்றிக் குலுக்கினால் மிச்ச அமிலம் அடங்கும். நுரை பொங்குவது நின்றதும் மறுபடி அலசல். ஈர இரும்பு பத்து நிமிடத்தில் மஞ்சளாகத் தொடங்கும் என்பதால், அடுத்த சோதனைக்கான தண்ணீரிலும் ஒரு பிடி சலவைச் சோடா கலந்திருந்தது. காரம் கலந்த நீரில் இரும்பு துருப்பிடிக்காது.

இந்த இரண்டாவது சோதனையைத் தவிர்ப்பவர்கள்தான் பெரும்பாலும் அடைத்த டேங்க்கோடு திரும்பி வருகிறார்கள். முதலில் ஒரு துளை என்றிருந்தது, இப்போது மூன்று. மற்ற இரண்டையும் துருவே அடைத்துக்கொண்டிருந்தது. மூன்றும் ஒரே மடிப்பில், 35 மிமீ நீளத்துக்குள். பெரியதில் தையல் ஊசி நுழைந்தது.

அடைப்பது

வழியில் கசிந்தால் துணி சோப்பை அழுத்தித் தேய்த்து அடைப்பது எல்லாருக்கும் தெரிந்த கைவைத்தியம். வெறும் பெட்ரோலில் சோப்பு கரையாது, அதனால் அந்தக் காலத்தில் வாரக்கணக்கில் நின்றது. எத்தனாலில் சோப்பு கரையும். இ20 பெட்ரோலில் அதை நம்பி வீடு வரைக்கும் வரலாம், அதற்கு மேல் வேண்டாம். கடை எபாக்ஸி மாவை வெளியே உருட்டி ஒட்டுவதும் துருவின் மேல் ஒட்டினால் துருவோடு கழன்று வரும்.

மூன்று துளையும் மடிப்பு ஓரத்தில் இருந்ததால் ஈயப் பற்றே பொருத்தம். பித்தளைப் பற்று பலம் அதிகம். அதற்கு நெருப்பு வேண்டும், பெயிண்டும் போகும், மெல்லிய தகடு வளையும். பற்றவைக்கும் ஈயம், அதாவது ஈயமும் வெள்ளீயமும் கலந்த கம்பி, 190 டிகிரிக்குள் உருகிவிடும். மின் பற்றுக்கோல் 150 வாட்டுக்குக் குறையக் கூடாது. மின்னணுப் பலகை வேலைக்கான சின்னக் கோலால் தகட்டைச் சூடாக்க முடியாது, ஈயம் மேலே உருண்டையாக உட்காருமே தவிரப் பிடிக்காது.

டேங்க்கைத் தலைகீழாகக் கவிழ்த்தால் அந்த மடிப்பு மேலே வரும். வாயை ரப்பரால் அடைத்து, டேப் துளை வழியாகத் தண்ணீர் ஊற்றி, மடிப்புக்கு இரண்டு விரல் கீழ் வரை நிரப்பியாயிற்று. தண்ணீர் மடிப்பையே தொட்டால் சூடு நிற்காது. அதிகம் இறக்கினால் ஆவிக்கு இடம் கொடுத்த மாதிரி. டேப் துளை திறந்தே இருக்க வேண்டும். நீராவி போக வழியில்லாவிட்டால் உருகிய ஈயத்தைத் துளை வழியே ஊதித் தள்ளிவிடும்.

துளைகளைச் சுற்றி 25 மிமீ வரை பெயிண்ட்டை நீக்கி, 120-ம் நம்பர் உப்புத்தாளால் வெள்ளி மாதிரித் தெரியும்வரை தேய்த்து, துத்தநாகக் குளோரைடு பற்றுநீர் தடவி, முதலில் மெல்லிய ஈயப்பூச்சு, அதன்மேல் நிரப்பு. ஈயம் மடிப்பின் இடுக்குக்குள் தானாக இழுக்கப்பட்டு உள்ளே ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். அப்படி ஓடினால் பிடித்துவிட்டது. ஓரம் வட்டமாக, இலைமேல் நீர்த்துளி போல நின்றால் பிடிக்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும். முடிந்ததும் பற்றுநீரைச் சுடுநீரால் முழுதும் கழுவ வேண்டும், அதுவும் அரிக்கும். மூன்றாவது நீர்ப்பத்திச் சோதனை இரண்டு மணி நேரம். சுண்ணம் வெள்ளையாகவே இருந்தது.

உள்பூச்சு

துளை இல்லாத, துரு மட்டும் உள்ள டேங்க்குக்கு உள்பூச்சு வேண்டாம் என்பதே சரியான கருத்து. சரியாகப் பிடிக்காத பூச்சு தோல் தோலாக உரிந்து கார்புரேட்டரின் ஜெட்டை (பெட்ரோல் போகும் சின்னத் துளை) அடைக்கும். அதைச் சுரண்டி எடுப்பது துரு எடுப்பதைவிடப் பத்து மடங்கு வேலை. இந்த டேங்க்கில் மடிப்பு மெலிந்துவிட்டது. மூன்று துளை தெரிந்தால் நாலாவது வழியில் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். ஆகவே பூச்சு தேவைப்பட்டது.

வாங்கும்போது எத்தனால் தாங்கும் இரு கலவை எபாக்ஸி என்று டப்பாவில் போட்டிருக்க வேண்டும். ஒரே டப்பாவில் வரும் பழைய வெள்ளைப் பூச்சு வகைகள் எத்தனாலில் இளகிவிடும். முதலில் பாஸ்பாரிக் ஆசிட் கரைசல் அரை லிட்டர் ஊற்றி 20 நிமிடம் எல்லாப் பக்கமும் உருட்டியதில் உள்சுவர் மங்கல் சாம்பலாயிற்று. எபாக்ஸி பிடிக்க அதுவே நல்ல படுக்கை. கேன் தண்ணீரில் அலசி, 200 மில்லி ஐசோபுரப்பைல் ஆல்கஹால் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினால் மிச்ச ஈரத்தை அது எடுத்துக்கொண்டு வரும். அதன்பின் வாயையும் டேப் துளையையும் திறந்து ஒரு மணி நேரம் வெயிலில். ஆல்கஹால் வாசம் சுத்தமாகப் போன பிறகே ஹேர் டிரையரை எடுக்க வேண்டும். அந்த ஆவியும் தீப்பிடிப்பதுதான், டிரையர் உள்ளே சிவப்பாகக் காய்வதும் நெருப்புதான்.

கலந்த அளவு 200 மில்லி, நேரம் காலை ஏழு மணி. நம் ஊர் சித்திரை வெயிலில் மதியம் கலந்தால் டப்பாவில் போட்ட நேரத்தில் பாதியிலேயே கெட்டியாகிவிடும். மழை நாளிலும் வேண்டாம். டேப்பின் போல்ட் துளைகளில் கிரீஸ் தடவிய போல்ட்டுகள் திருகியிருந்தன, மரையில் பூச்சு ஏறாமலிருக்க. ஊற்றியதும் குலுக்காமல் மெதுவாக உருட்ட வேண்டும். வலது பள்ளம், இடது பள்ளம், முன்மூக்கு, மேல்முதுகு, மறுபடி வலது பள்ளம் என்று 20 நிமிடம். பிறகு மிஞ்சியதை டேப் துளை வழியாகவும், வலது பக்கத்தை வாய் வழியாகவும் வடித்ததில் 90 மில்லி திரும்ப வந்தது. வடிக்காமல் விட்டால் பள்ளத்தில் குளம் போலத் தேங்கி, மேலே தோல் கட்டி, உள்ளே பச்சையாகவே இருக்கும். பெட்ரோல் பட்டதும் அது முதலில் கழன்று வரும்.

வாயும் துளையும் திறந்தபடி ஐந்து நாள் நிழலில் இருந்தது. நகத்தால் அழுத்தினால் தடம் விழக் கூடாது, வாசம் வரக் கூடாது.

மாட்டுவது, பார்ப்பது

டேப்புக்குப் புது ரப்பர் வளையம், எத்தனால் தாங்கும் விட்டான் வகை. சாதாரண நைட்ரைல் வளையம் இ20-யில் உப்பும். டேப்பின் நைலான் வடிகட்டி துருவால் முக்கால்வாசி அடைத்திருந்தது, புதியது போட்டாயிற்று. மூடியின் வளையம் புதிது, காற்றுத்துளை மெல்லிய கம்பியால் குத்தித் திறந்தது. ஓஸும் புதிது. இடையில் போடும் வடிகட்டி புவியீர்ப்பு ஓட்டத்துக்கான வலை வகையாக இருக்கட்டும். இன்ஜெக்‌ஷன் வண்டிக்கான காகித வடிகட்டி பம்ப் இல்லாத வண்டியில் பெட்ரோலை மறித்துவிடும்.

கார்புரேட்டர் கிண்ணம், மெயின் ஜெட், பைலட் ஜெட் மூன்றையும் கழற்றிக் கழுவாமல் நல்ல டேங்க்கை மாட்டுவதில் பயனில்லை. பழைய துரு அங்கே உட்கார்ந்திருக்கிறது. டேங்க் உட்காரும் முன்ரப்பர்கள் தேய்ந்து ஒயர் கட்டு வலது உள்மடிப்பில் உராய்ந்த தடம் இருந்தது. ரப்பர்களை மாற்றி ஒயரை ஒதுக்கிக் கட்டியாயிற்று. ஈயம் பிடித்த இடத்துக்கு பிரைமரும் 2கே (இரு கலவை) பெயிண்ட்டும்.

முதலில் இரண்டு லிட்டர் மட்டும் ஊற்றி, வண்டியை இரவெல்லாம் சைடு ஸ்டாண்டில் வைத்து, மடிப்பு நெடுகச் சுண்ணம் தடவி, அடியில் செய்தித்தாள் விரித்துப் பார்த்தது. மறுநாள் முழு டேங்க், அதே சோதனை. இரண்டிலும் ஈரமில்லை. டேப் ஓட்டம் மூடி மூடியபடி முதல் நிமிடம் 320 மில்லி, மூன்றாவது நிமிடம் 310. தொப்பூர் ஏற்றம் ஒரே மூச்சில் ஏறியது.

வண்டிக்காரரிடம் சொன்னது இரண்டு காரியம். ஐப்பசி மழைக்கு முன்னும், பங்குனியிலும் டேங்க்கைக் கழற்றி வலது பள்ளத்தைக் கவிழ்த்துப் பாட்டிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு மேல் வண்டி நிற்கும் என்றால் முழுக்க வடித்து, மூடியைப் போட்டு, கொட்டகைக்கு வெளியே காய்ந்த இடத்தில் நடு ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். நிரம்ப ஊற்றி வைப்பது எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கான பழைய பாடம்.

மூன்று மாதம் கழித்து வலது பள்ளத்திலிருந்து வந்தது 700 மில்லி. அரைமணி வைத்த பாட்டிலின் அடியில் ஒரு டீஸ்பூன் அளவுக்குக் கூட எதுவும் பிரிந்து நிற்கவில்லை. வலை வடிகட்டியில் நாலைந்து கருந்துகள், துருப்பொடி இல்லை. அன்று உள்மடிப்பில் தடவிய சுண்ணக்கோடு இன்னும் வெள்ளையாக இருந்தது.